சிரட்டை வெள்ளம்

ரப்பர் விலை விழுந்த சத்தம் அயனிமூட்டு ஊரில் யாருக்கும் கேட்கவில்லை. கடல் தாண்டி எங்கோ ஒரு நாட்டில் ஜனங்கள் புது வண்டி வாங்குவதைக் குறைத்துக்கொண்டார்களாம், டயர் செய்கிறவர்கள் இன்னும் மலிவாக ரப்பர்ப் பால் கிடைக்கிற வேறொரு நாட்டைக் கண்டுபிடித்தார்களாம், அந்தச் சேதி கப்பலேறி, சந்தையேறி, கைமாறிக் கைமாறிக் கடைசியில் மலையடிவாரத்து மேலேவீட்டுத் தோட்டத்தின் இரும்புக் கதவில் ஒரு பூட்டாக வந்து தொங்கியது. பால்வெட்டுக்காரர்கள் வழக்கம்போல விடியுமுன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். காவல்காரர் பாலையன் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, "இனி வெட்டு இல்லியாம், விலை ஏறினா சொல்லி விடுவாவளாம்" என்று சொல்லிவிட்டு, தன் ஊர்க்காரர்களின் முகத்தைப் பார்க்க மாட்டாமல் மரங்களைப் பார்த்தார்.

மரங்களில் சிரட்டைகள் அப்படியே இருந்தன. பால் சேர்வதற்காக மரத்துக்கு மரம் கம்பியில் மாட்டியிருக்கும் தேங்காய்ச் சிரட்டைகளை, வெட்டு நிறுத்துகிற காலத்தில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவதுதான் தோட்டத்து வழக்கம். ஆனால் கவிழ்ப்பதற்கும் ஆள் வேண்டும், ஆளுக்குக் கூலி வேண்டும். நஷ்டத்தில் போகிற தோட்டத்துக்கு அந்தச் செலவு எதற்கு என்று வில்ஃபிரட் முதலாளி திருவனந்தபுரத்தில் தன் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து தீர்மானித்தார். அவர் கெட்டவர் அல்ல, கணக்குப் பார்க்கத் தெரிந்தவர். பிறகு இடவப்பாதி மழை, தென்மேற்குப் பருவமழை, வந்தது. மலை முழுக்கப் பெய்தது, மரம் முழுக்க வழிந்தது, வழிந்த தண்ணீர், ஊர்ப் பேச்சில் வெள்ளம், ஒவ்வொரு சிரட்டையிலும் ஒரு கை நின்றது. மனிதர் போகாத அந்தத் தோட்டத்தில் ஆயிரமாயிரம் சின்னக் குளங்கள் மரத்தின் இடுப்பில் தொங்கின, அவற்றிலிருந்து காலில் வெள்ளை வளையம் போட்ட கொசுக்கள் எழுந்து, இரவுக்குக் காத்திராமல், நல்ல வெளிச்சத்திலேயே வேலியைத் தாண்டி ஊருக்குள் வந்தன.

அந்தக் கொசு கடித்தவர்களுக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சலுக்கு முன்னால் இன்னொருவரின் நினைவு வந்தது.

முதலில் வந்தது பாலையனுக்குத்தான். கதவடியில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர் கழுத்தைத் தட்டினார், தட்டிய இடம் தடிப்பதற்குள் அவருக்குத் தான் ஒரு மழைநாளில் தலைச்சன் பிள்ளையைப் பெற்றது நினைவு வந்தது. இடுப்பு விண்டுபோனது, பல்லுக்குள் சேலைத் தலைப்பைக் கடித்தது, பிள்ளையின் முதல் அழுகை, எல்லாம் வந்தது. மீசை நரைத்த அந்த மனிதர் வீட்டுக்குப் போய் மனைவியின் அருகே உட்கார்ந்து, "இவ்வளவு நோவுமா?" என்று கேட்டார். "நோவாதா பின்னே?" என்றாள் அவள். அதற்குப் பிறகு பாலையன் பொம்பளைகளிடம் குரலை உயர்த்திப் பேசவில்லை. அது கொசு குடித்த இரத்தத்தோடு வருகிற நினைவு என்றும், முன்னால் யாரைக் கடித்ததோ அவருடையது அடுத்தவருக்குப் போகிறது என்றும், வந்த நினைவு அங்கேயே நின்றுவிடாமல் இன்னொரு கொசு வழியாக மேலும் போகிறது என்றும், கொசுவின் முட்டையோடும் புழுவோடும்கூட அது சிரட்டை வெள்ளத்தில் கிடக்கிறது என்றும் ஊர் சீக்கிரமே கண்டுகொண்டது. மழைக்காலத்தில் அட்டை கடிப்பதுபோல அதையும் ஒரு காரியமாக எடுத்துக்கொண்டது.

எல்லைக் கல்லுக்காக வருஷக்கணக்கில் பேசாமலிருந்த அண்ணன் தம்பியில் தம்பிக்கு, பெருக்கெடுத்த ஆற்றில் தன்னைத் தோளில் சுமந்து கடந்த அண்ணனின் பயம் நினைவு வந்தது. மறுநாள் இருவரும் அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்து சாயா குடித்தார்கள். சபைப் போதகர் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், இது ஒருவர் பாரத்தை ஒருவர் சுமப்பதற்குக் கர்த்தர் காட்டிய வழி என்று பிரசங்கித்தார். அடுத்த வாரம் அவருக்கு ஒரு குடிகாரனின் முழு இரவும் நினைவு வந்தது, பிறகு அதைப்பற்றிப் பிரசங்கிக்கவில்லை. ரகசியம் வைத்திருந்தவர்கள் கொசுவர்த்தி வாங்கி ஏற்றினார்கள், முழுக்கைச் சட்டை போட்டார்கள். ஒன்றும் இல்லாதவர்களிடம் கொசுவர்த்தி வாங்கவும் ஒன்றும் இல்லை. ஊரில் எல்லோருக்கும் எல்லோருடைய நினைவும் வந்தது, முதலாளியின் நினைவு மட்டும் யாருக்கும் வரவில்லை. அவர் வலையடித்த சன்னல்களுக்குப் பின்னால் தூரத்தில் இருந்தார்.

கமலபாய் அந்தத் தோட்டத்தில் பால் வெட்டியவள். விடியுமுன்னே போய், மரப்பட்டையில் கத்தி ஓட்டி, பால் எடுத்து ஊற்றிவிட்டு, பத்து மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவாள். அவள் மகள் அபிஷா பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் வாசலில் நின்று அந்தப் பத்து மணிக்காகக் காத்திருப்பாள், அம்மா வந்ததும் அவள் முழங்கைத் தோலைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டே வீட்டுக்குள் நடப்பாள். கதவில் பூட்டு விழுந்த பிறகு கமலபாயின் கணவன் தாசையன் கான்கிரீட் வேலைக்குக் கொல்லம் போனான். கமலபாய் அண்டியாபீசுக்குப் போனாள். அங்கே வறுத்த முந்திரிக்கொட்டையை நாள் முழுக்கத் தல்லி உடைக்க வேண்டும், தோட்டு எண்ணெய் பட்டு உள்ளங்கை கறுத்துத் தோல் உரியும். காலையில் பஸ் ஏறினால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்புவாள். ஒரு நாள் வராவிட்டால் அந்த இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்துவிடுவாள், ஏனென்றால் மேலேவீட்டுத் தோட்டத்தைப் போல அக்கம்பக்கத்தில் எத்தனையோ தோட்டங்கள் பூட்டிக் கிடந்தன, எத்தனையோ பெண்கள் ஆபீஸ் வாசலில் நின்றார்கள்.

அபிஷாவுக்குக் காய்ச்சல் வந்தபோது கமலபாய் மடியிலேயே வைத்துப் பார்த்தாள். தெருமுனை மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்தாள், ஈரத்துணி போட்டாள், ஆபீசுக்குச் சொல்லாமல் வீட்டிலேயே இருந்தாள். மேஸ்திரி ஆள் அனுப்பினார், நாளைக்கும் வராவிட்டால் வேண்டாம் என்று. மறுநாள் விடியற்காலை குழந்தையின் உடம்பு குளிர்ந்திருந்தது. கஞ்சி இரண்டு வாய் குடித்தாள். "காய்ச்சல் விட்டுட்டு அம்மா, நீ போ" என்றாள். இந்தக் காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆளைக் கொண்டுபோகும் என்று கமலபாய்க்குத் தெரியாது. பக்கத்து வீட்டு விமலாவிடம் ஒரு கண் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள். விமலாவும் தன் சின்னப் பையன் ஜெபினைத் தூக்கிக்கொண்டு ரேஷன் வரிசையில் நிற்கப் போக வேண்டியிருந்தது. சாயங்காலம் கமலபாய் வந்தபோது அபிஷா கைகால் சில்லிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஈறில் இரத்தம் கசியக் கிடந்தாள். ஆட்டோவில் பெரியாஸ்பத்திரிக்குப் போகிற வழியில், பாலம் தாண்டும்போது, முழங்கையைக் கிள்ளியிருந்த விரல்கள் விட்டுவிட்டன.

தாசையன் வந்து மண் அள்ளிப் போட்டான், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான், பிறகு திரும்பக் கொல்லத்துக்கே போனான். போகாமல் இருக்க வழி இல்லை.

குழந்தையை அடக்கம் செய்த பிறகு பாலையன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கமலபாய் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"எனக்கு ஒண்ணு வந்திருக்கு பிள்ளே" என்றார். "ஒனக்க மவளுக்கது."

கமலபாய் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"பால் வெட்டிட்டு வந்த ஒனக்க கைய மோந்து பாத்துக்கிட்டே உறங்குவாளாம். அந்த நாத்தம் எல்லாருக்கும் கொமட்டும், அவளுக்கு அது பிடிக்கும். இப்பம் எனக்கும் பிடிக்குது, பாத்துக்க. ரப்பர் ஷீட் ஒணத்துக கொட்டகைக்க முன்னால போய் நிண்ணு மோந்துக்கிட்டு வாறேன்."

அன்றிலிருந்து கமலபாய்க்கு ஒரே வேலைதான் இருந்தது. ஆபீசுக்குப் போவாள், வருவாள், பிறகு வீடுவீடாக ஏறி, "எனக்க பிள்ளைக்கது ஏதாவது வந்துதா?" என்று கேட்பாள். ஊர் அதையும் ஏற்றுக்கொண்டது. செத்த வீட்டுக்குச் சோறு கொண்டுபோவதுபோல ஆளுக்கொரு நினைவைக் கொண்டுவந்தார்கள். சாயாக்கடை ராஜம்மைக்கு, அபிஷா சீனி டப்பாவில் விரல் விட்டு நக்கியது வந்திருந்தது. போதகருக்கு அவள் சபையில் ஜெபம் நடக்கும்போது கண்ணைத் திறந்து மற்றவர்கள் மூடியிருக்கிறார்களா என்று பார்த்தது வந்திருந்தது. கமலபாய் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கடைசியில் எல்லோரிடமும் ஒன்றையே கேட்டாள். "அன்னைக்கு உள்ளது வந்துதா? நான் வேலைக்குப் போன அன்னைக்கு, அவ தனியா கெடந்தது?"

யாருக்கும் அது வரவில்லை. அன்றைக்குப் பகல் முழுக்க அவள் கதவு திறந்த வீட்டில் கிடந்தாள், பகலில் கடிக்கிற கொசு அவளைக் கடிக்காமலா இருந்திருக்கும், அது எங்கோ யார் உடம்பிலோ இருக்கிறது என்று கமலபாய் நம்பினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சேலையை முழங்கால்வரை வழித்துக்கொண்டு, இரண்டு கையையும் தோள்வரை திறந்து போட்டுக்கொண்டு, தோட்டத்து வேலியடியில் போய் உட்கார்ந்தாள். கொசுக்கள் வந்து மொய்த்தன. யாரோ ஒரு மணப்பெண்ணின் வெட்கம் வந்தது, யாரோ ஒரு கிழவரின் தாகம் வந்தது, மரத்திலிருந்து விழுந்தவனின் முறிந்த காலின் வலி வந்தது. ஊரே அவள் உடம்புக்குள் வந்து இறங்கியது. மகள் மட்டும் வரவில்லை. அவளுக்குக் காய்ச்சலும் வந்தது, காய்ச்சலோடு ஆபீசில் கொட்டை தல்லினாள், சாகவும் இல்லை.

மற்றவர்கள் செத்தார்கள். தோட்டத்து வேலியை ஒட்டிய வீட்டு வரிசையில் ஒரு கர்ப்பிணிப் பெண் போனாள், பிறகு அவளுடைய மாமனார் போனார். சுகாதாரத் துறைக்காரர்கள் புகை மெஷினோடு வந்தார்கள், ஓடையில் அடித்தார்கள், சந்தில் அடித்தார்கள், குழாயில் எப்போதாவது வருகிற தண்ணீரைப் பிடித்து வைத்திருந்த குடங்களைக் கவிழ்க்கச் சொன்னார்கள். தோட்டத்துக்குள் அடிக்க முதலாளியிடம் அனுமதி கேட்டு எழுதியிருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அனுமதி வரவில்லை. புகை அடிக்கவென்று கதவைத் திறந்து, கூடவே வெட்டுக்காரர்களையும் உள்ளே விட்டால் நாளைக்கு வேலை பாத்தியதை கேட்டு வழக்குப் போடுவார்கள், ஆளில்லாத தோட்டமாக இருந்தால்தான் நல்லது என்று வக்கீல் முதலாளிக்குச் சொல்லியிருந்தார்.

கடைசியில் ஒரு நாள் ஊர் கூடியது. பூட்டை உடைத்து உள்ளே போய்ச் சிரட்டைகளைக் கவிழ்த்துவிடுவது என்று தீர்மானம். ஆணும் பெண்ணுமாகக் கடப்பாரையோடு கதவுக்கு வந்தார்கள். கதவுக்கு முன்னால் கமலபாய் கம்பிகளில் கையைக் கோத்துக்கொண்டு நின்றாள்.

விமலாதான் முன்னால் வந்தாள். "கமலக்கா, வழி விடு."

"விடமாட்டேன். உள்ள எனக்க பிள்ள கெடக்கு."

"ஒனக்க பிள்ள கல்லறையில கெடக்கு அக்கா."

"அங்க கெடக்கது உடம்பு. அவளுக்க அன்னைக்கு உள்ள நாள் இந்த வெள்ளத்துல கெடக்கு. எல்லாத்தையும் கவுத்தா நான் எங்க போய்த் தேடுவேன்?" அவள் கம்பிகளை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "ஒரே ஒரு நாள்தான விமலா கேக்குகேன். அவ என்னய கூப்பிட்டாளா, கூப்பிடலியாண்ணு மட்டும் அறிஞ்சா போதும். பொறவு நீங்க கவுத்துங்க."

விமலா தலையைக் குனிந்துகொண்டாள். அன்றைக்கு ரேஷன் வரிசையில் நின்றது அவளுக்கும் நெஞ்சில் கிடந்தது. கடப்பாரை வைத்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பூட்டை உடைத்தால் போலீஸ் வரும் என்ற பயம் அவர்களுக்கு ஏற்கெனவே இருந்தது, திரும்பிப் போக ஒரு காரணம் வேண்டியிருந்தது. கமலபாய் அந்தக் காரணமாக நின்றாள். எல்லோரும் திரும்பிப் போனார்கள்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து கமலபாய் அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருந்தாள். விமலாவின் ஜெபின் வேலிச் சந்து வழியாக நுழைந்து, நேராக அடுக்களைக்கு வந்து, அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். எழுத்துப் படிக்கத் தொடங்கியிருந்த வயது. உட்கார்ந்தவன் அவள் மடியில் தலையை வைத்தான். வைத்துவிட்டு, கையை உயர்த்தி அவள் முழங்கைத் தோலைக் கிள்ளிப் பிடித்தான்.

"அம்மா, வெந்துட்டா?" என்றான்.

கமலபாயின் கையிலிருந்து கத்தி விழுந்தது.

அந்த மத்தியானம் முழுக்க அவள் உலகத்தில் வேறெதையும் பார்க்கவில்லை. கிழங்கை அவித்து, மிளகாய் இடித்து, ஊதி ஊதி அவன் வாயில் கொடுத்தாள். அவன் ஆற்றில் துண்டு விரித்து மீன் பிடித்ததைச் சொன்னான், அப்பா வாங்கி வந்த ரோஸ் நிறச் செருப்பு ஒற்றையாகத் தொலைந்ததைச் சொன்னான், எல்லாம் அபிஷா சொல்கிற மாதிரியே, பாதியில் நிறுத்தி, "கேக்குதியா அம்மா?" என்று சரிபார்த்துக்கொண்டே சொன்னான். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். தலை மடியில் விழுந்தபோதே அவளுக்குச் சூடு தெரிந்திருந்தது. தெரிந்தும், இன்னும் கொஞ்சம், இந்தச் செருப்புக் கதை முடியட்டும், இந்த மீன் கதை முடியட்டும் என்று அவள் அதைத் தெரியாததாகவே வைத்துக்கொண்டாள். வெயில் அடுக்களை வாசலைவிட்டு இறங்கியபோது அவனுக்கு வியர்த்தது. உடம்பு குளிர்ந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டே சிரித்து, "காய்ச்சல் விட்டுட்டு அம்மா, நீ போ" என்றான்.

கமலபாய் அலறிய அலறலில் விமலா அடுத்த வீட்டிலிருந்து ஓடிவந்தாள். அதற்குள் அவள் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் ஓடிக்கொண்டிருந்தாள். எதிரே வந்த ஜல்லி லாரியை நடுவில் நின்று மறித்தாள். பெரியாஸ்பத்திரியில் டாக்டர், நேரத்துக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள் என்று சொல்லி அவன் கையில் ஊசி குத்தி மருந்து இறக்கினார். விமலா கட்டிலின் ஒரு பக்கமும் கமலபாய் மறு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். கதவில் கையைக் கோத்துக்கொண்டு நின்றது யார் என்று இருவருக்கும் தெரியும்.

காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து பஸ் ஏறி வந்த கமலபாய் அண்டியாபீஸ் நிறுத்தத்தில் இறங்கவில்லை. நேராகத் தோட்டத்துக் கதவுக்கு வந்து, "சாவி எடுங்க அண்ணே" என்றாள்.

"எனக்க சோலி போவும் பிள்ளே" என்றார் பாலையன்.

"போவட்டு."

அவர் கை இடுப்பிலிருந்த சாவியைத் தொட்டது. பிறகு, "ஒனக்க மவ எனக்க தலைக்குள்ள நிண்ணுகிட்டு, இந்தக் கதவு வழியா உள்ள பாத்து, அம்மையக் காணலியேண்ணு தேடிக்கிட்டே இருக்கா" என்றார். "ஒவ்வொரு நாளும் அவளுக்க முன்னாலதான் நான் பூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போறேன்." இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்து, பூட்டைத் தூக்கி ஓடையில் எறிந்தார்.

கமலபாய் முதல் மரத்துச் சிரட்டையைக் கம்பியிலிருந்து எடுத்தாள். பழுப்பேறிய வெள்ளத்தில் புழுக்கள் நெளிந்து நெளிந்து மேலே வந்து மூச்சுவிட்டு உள்ளே போயின. அவற்றில் எது அபிஷாவுக்கு உரியது என்று அவளுக்குத் தெரியாது. "போ மக்களே" என்று சொல்லிக் கவிழ்த்தாள். இரண்டாவது மரத்துக்கும் அதையே சொன்னாள். வரிசை முடிவதற்குள் சொல்வதற்கு மூச்சு இல்லாமல் போயிற்று, கைதான் கவிழ்த்தது. உச்சி வெயிலுக்குள் ராஜம்மை வந்தாள், கர்ப்பிணி மனைவியைப் பறிகொடுத்தவன் வந்தான், அண்ணனும் தம்பியும் வந்தார்கள், போதகர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். மலைச்சரிவு முழுக்க ஆட்கள் மரத்துக்கு மரம் போனார்கள், வெள்ளம் வேர்களில் விழுகிற சத்தம் மட்டும் நாள்கணக்கில் கேட்டது. போலீஸ்காரர்கள் வந்து எல்லோர் பெயரையும் எழுதிக்கொண்டு, தாங்களும் கடிபட்டு, யாருடைய நினைவோ வந்து, யாரையும் கைது செய்யாமல் திரும்பிப் போனார்கள். கொசுக்கள் நாளுக்கு நாள் குறைந்தன. ஊருக்குள் மற்றவர்களின் நினைவு வருவது நின்றது. ஜெபின் எழுந்து உட்கார்ந்து, தன் அம்மாவை அம்மா என்று கூப்பிட்டான்.

மேட்டுப் பகுதியில் விட்டுப்போன சிரட்டை ஏதாவது உண்டா என்று பார்ப்பது மட்டும் பாக்கி இருந்த ஒரு நாள் முதலாளி வந்தார். தோட்டத்தை இனி வைத்திருந்து லாபமில்லை, மரத்தை முழுக்கத் தடிக்கு விற்றுவிடலாம் என்று ஒரு வியாபாரியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். வெளுத்த சட்டை, அரைக்கை. மரங்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டே நிழலுக்குள் நடந்தவர் திடீரென்று மணிக்கட்டைத் தட்டினார். தட்டிய கையைப் பார்த்தபடி நின்றார். பிறகு கால் மடங்கி ஒரு மரத்தடியில் உட்கார்ந்தார். வியாபாரி பயந்து, குடிக்க வெள்ளம் கொண்டுவருவதாகச் சொல்லிக் காரைப் பார்த்து ஓடினான்.

"கமலபாய் யாரு?" என்று முதலாளி கேட்டார்.

"இன்னா நிக்கேன்."

அவள் மேட்டிலிருந்து இறங்கி வந்தாள். அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். அவளுடைய உள்ளங்கையைப் பார்த்தார், கொட்டையெண்ணெய் தின்று கறுத்த அந்தக் கையைப் பார்த்து அவர் முகம் கோணியது, அது அபிஷாவுக்குப் பிடிக்காத கை.

"அன்னைக்கு உள்ளதா?" என்று கமலபாய் கேட்டாள்.

முதலாளி தலையசைத்தார். "தண்ணி தாகமா இருந்திருக்கு. பானைகிட்ட போய் மொண்டு குடிக்கத் தெம்பில்லை. திரும்பி வந்து படுத்துக்கிட்டா. ரோட்டுல ஒவ்வொரு பஸ் நிக்கிற சத்தத்துக்கும் எழுந்து உட்கார்ந்திருக்கா. அது வேற பஸ்னு தெரிஞ்சதும் மறுபடி படுத்திருக்கா."

"என்னய கூப்பிட்டாளா?"

"கூப்பிடலை. கூப்பிட்டா பக்கத்து வீட்டுக்காரங்க உன்கிட்ட சொல்லுவாங்க, அப்புறம் நீ வேலைக்குப் போகமாட்டியேன்னு." அவர் நிறுத்தினார். அடுத்து வந்த குரல் அவருடையதுதான், ஆனால் பேச்சு அவருடையது இல்லை. "மணி பத்து ஆயிட்டு. தோட்டத்துல வெட்டு இருந்திருந்தா அம்மை இப்பம் வந்திருப்பா." அதைச் சொல்லிவிட்டு அவர் வாயைப் பொத்திக்கொண்டார். பொத்திய விரல்களுக்குள்ளேயே மறுபடியும் சொன்னார். "வெட்டு இருந்திருந்தா இப்பம் வந்திருப்பா. வெட்டு இருந்திருந்தா இப்பம் வந்திருப்பா."

கமலபாய் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கேட்ட நாள் அவள் முன்னால் உட்கார்ந்திருந்தது, வெளுத்த சட்டைக்குள், வேறொருவரின் நெஞ்சில். வார்த்தையாகத்தான் அவளுக்குக் கிடைத்தது. அந்தத் தாகமும், பஸ் சத்தமும், கட்டிலில் கிடந்து கண்ட கூரையும் அவருக்குத்தான் கிடைத்தது.

"இதை எடுத்துக்க" என்றார் முதலாளி. சட்டையின் அரைக்கையையும் தோள்வரை சுருட்டிக் கையை நீட்டினார். "என்னால முடியாது. உன் பிள்ளை, நீ வச்சுக்க. கொசு வந்து என்னைக் கடிக்கட்டும், உன்னைக் கடிக்கட்டும். உட்காரு."

அவள் உட்கார்ந்தாள். தன் கையையும் திறந்து அவர் கைக்குப் பக்கத்தில் வைத்தாள். இருவரும் காத்திருந்தார்கள். காற்று இலைகளைப் புரட்டியது, காய் வெடித்து விதை தெறிக்கிற சத்தம் கேட்டது. வியாபாரி தண்ணீர் பாட்டிலை வைத்துவிட்டு ஓரமாகப் போய் நின்றான். ஒரு கொசுவும் வரவில்லை. எப்படி வரும், கண்ணுக்கெட்டிய தூரம்வரை எல்லாச் சிரட்டையும் அவள் கையாலும் அவள் ஊரார் கையாலும் கவிழ்ந்து உலர்ந்து கிடந்தன.

முதலாளிதான் அதைப் பார்த்தார். ஏணி வைத்து வெட்டுகிற ஒரு கிழட்டு மரத்தின் உயரத்தில், கிளைமறைவில், ஒரு சிரட்டை நிமிர்ந்தபடி இருந்தது. அவர் எழுந்து ஓடி, மரத்தடிப் பாறையில் ஏறி எக்கி எடுத்தார். நிறைய வெள்ளம் இருந்தது. வெள்ளம் நிறையப் புழு இருந்தது. இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு வந்து அவளிடம் காட்டினார்.

"இருக்கு, பாரு. இன்னும் சில நாள்ல பறந்துரும். இதை மட்டும் விட்டுரு. நான் தினமும் வந்து இங்க உட்கார்றேன். நீயும் வா. ஒண்ணே ஒண்ணு, கமலபாய்."

அவள் அந்தச் சிரட்டையை வாங்கினாள். முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். புழுக்கள் தலைகீழாகத் தொங்கி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. கீழே சரிவில் ஊர்க் கூரைகள் தெரிந்தன, விமலா வீட்டு முற்றத்தில் கயிற்றில் சின்னச் சட்டை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது.

கமலபாய் சிரட்டையைக் கவிழ்த்தாள்.

வெள்ளம் வேரில் விழுந்து, சருகுக்குள் இறங்கி, மண்ணுக்குள் போனது. முதலாளி தரையில் உட்கார்ந்து அழுதார். சத்தம் வெளியே வராமல், கீழுதட்டைப் பல்லுக்குள் இழுத்துக்கொண்டு, விக்கி விக்கி, அபிஷா அழுகிற மாதிரியே அழுதார். கமலபாய் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் தூக்கி மடியில் வைத்துக்கொள்வாள் என்று அவளுக்குத் தெரியும். சிரட்டையைக் கவிழ்த்தபடியே மரத்தடியில் வைத்துவிட்டு, அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டே மேட்டில் அடுத்த மரத்துக்கு ஏறினாள்.